நாற்காலி முதலில், புத்தகம் அப்புறம்

கேம் கடையில் ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்துகிற ரோல்பிளே விளையாட்டைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் முதன்முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடக் கடைக்குப் போகிறேன். மூன்று புத்தகங்களையும் வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருடக்கணக்கில் எரிச்சல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1974-ல் இந்த விளையாட்டு முதலில் வந்தபோது ஒரு பெட்டிக்குள் மூன்று குட்டிப் புத்தகங்கள் இருந்தன. இன்றும் மூன்றுதான், ஆனால் மூன்றும் தடிமன், மூன்றும் தனித்தனி விலை. அவற்றில் விளையாடுகிறவருக்கானது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்றே. மற்ற இரண்டும் கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு. அரக்கர்களின் பலம், பலவீனம் எல்லாம் அடங்கிய மான்ஸ்டர் மேனுவலை விளையாடப் போகிறவர் வாங்கிப் படிப்பது, பரீட்சைக்கு முன் வினாத்தாளைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் முதல் நாளே தேவையில்லை. அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். 2023 ஜனவரியில் விதிகளின் அடிப்படைத் தொகுப்பு ஒன்றை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் விட்டுவிட்டார்கள். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் விளையாடுகிற டேபிள் என்றால் இன்னும் நல்லது, அதன் விதிகள் கிட்டத்தட்ட முழுவதும் சட்டப்படியே இணையத்தில் இலவசம்.

புதியவர்களுக்கென்று நடத்தும் நிகழ்வுகளில் பெரும்பாலும் எழுதி முடித்த கேரக்டர் ஷீட்டை, அதாவது உங்கள் பாத்திரத்தின் விவரத் தாளை, கையில் கொடுத்துவிடுவார்கள். பென்சிலும் ரப்பரும் கொண்டு போங்கள். பகடை கேட்டால் யாராவது கடன் தருவார்கள். மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, பிடித்திருந்தால் வாங்குங்கள். என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க, ஒரு தடவைகூட விளையாடாத விதிப் புத்தகங்கள் நிற்கின்றன. இரண்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு பகடை உள்ள செட் வாங்கினேன். பத்து முகப் பகடை இரண்டு இருக்கிறது. ஒன்றில் 00, 10, 20 என்று தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கலாமா?

அது தப்பல்ல. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 1 முதல் 100 வரை கிடைக்கும். 30-ம் 7-ம் விழுந்தால் 37. இரண்டும் பூஜ்யமாக விழுந்தால் நூறு.

“இப்போது வந்த எடிஷன்” என்று சொல்லித்தான் ஒருவர் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விற்றார். டேபிளில் பக்கத்தில் இருந்தவர் பக்க எண் சொன்னார், திருப்பினால் என் புத்தகத்தில் வேறு எதுவோ இருக்கிறது. எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன்.

அசடு வழிய வேண்டியவர் விற்றவர், நீங்கள் இல்லை. 2014-ல் வந்ததும் 2024-ல் திருத்தி வந்ததும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், பெயரும் ஒன்றே. பழையது 320 பக்கம், புதியது 384. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாலே தெரிந்துவிடும். உள்ளே முன்பக்கங்களில் பதிப்பு ஆண்டும் இருக்கும். அவர் “இப்போது வந்தது” என்று எழுதியிருந்த விளம்பரத்தையோ குறுஞ்செய்தியையோ படம் பிடித்து வைத்துக்கொண்டு, சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று எழுத்தில் கேளுங்கள். பணம் வரும்வரை புத்தகத்தில் பேனா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பணம் வராவிட்டாலும் புத்தகம் வீணில்லை. 2014 விதிப்படி ஆடும் டேபிள்கள் இன்னும் இருக்கின்றன.

கடை மேஜையில் என் மெட்டல் பகடையை உருட்டினேன். கீறல் விழுந்துவிட்டது. பணம் கேட்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான், கொடுத்துவிடுங்கள். நானும் பளபளப்பில் மயங்கி ஒரு செட் வாங்கினேன். நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முதல் உருட்டிலேயே நான்கு முகப் பகடையின் முனை ஒரு குழி போட்டது. இன்றும் அங்கே சாப்பிடப் போனால் என் தட்டை அந்தக் குழிமேல்தான் வைக்கிறேன். செருப்பு வந்த அட்டைப்பெட்டி மூடியில் பழைய துணியை ஒட்டினால் போதும், அதற்குள் உருட்டலாம்.

என் இருபது முகப் பகடையில் எப்போதும் சின்ன எண்ணே விழுகிறது. கள்ளப் பகடையா?

முதலில் 20-க்குப் பக்கத்து முகத்தைப் பாருங்கள். அங்கே 19, அதை ஒட்டி 18 என்று வரிசையாகப் போனால் அது புள்ளி எண்ணிக்கை வைத்துக்கொள்ளச் செய்தது, உருட்டுவதற்கானது அல்ல. தெரியாமல் நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். எண்கள் கலைந்து, எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21 வந்தால் பகடை சரியான வகைதான். அப்புறமும் சந்தேகம் இருந்தால், டம்ளர் தண்ணீரில் பகடை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பாருங்கள். பத்து தடவையும் ஒரே பக்கமே மேலே வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம். மெட்டல் பகடையை வைத்து இதைச் செய்ய வேண்டாம், அது மிதக்காது.

புதியவர்களுக்கான நிகழ்வுக்கு முன்பணம் கட்டினேன். கேம் மாஸ்டர் வரவேயில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பணத்துக்குப் பதில் கடையில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த நாற்காலிக்கும் அதை நடத்துகிறவருக்கும். இரண்டில் ஒன்று இல்லையென்றால், கொடுத்த பணம் கொடுத்த வழியிலேயே திரும்ப வர வேண்டும். தேதி, நேரம், ரசீது, நிகழ்வு அறிவிப்பின் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். கூடக் காத்திருந்தவர்களும் கையெழுத்துப் போட்டால் பதில் சீக்கிரம் வரும். பொருளாக எடுத்துக்கொள்வது உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

விளையாடப் போக அங்கி, வாள் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம்.

அட்டைப்படத்தில் வண்ணமயமாக இருந்த மினியேச்சர் பொம்மை, பிரித்தால் வெறும் சாம்பல் நிறம். பெட்டியில் “வர்ணம் பூசாதது” என்று சின்ன எழுத்தில் இருந்தது. இது மோசடிதானே?

பெட்டியில் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூரிகை வாங்குங்கள்.