ஆடும் மேடையில் மேஜிக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினைந்து வருடமாக மேஜிக் செய்கிறேன். சொகுசுக் கப்பல்களில் வேலை கேட்டு வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், ஒருவரும் பதில் போடவில்லை. இத்தனை பேர் நடுவில் நான் கண்ணில் படுவது எப்படி?

பதில்: கடிதத்தோடு அனுப்பியிருந்த வீடியோவைப் பார்த்தேன். மூன்று நிமிடம், புகை, டமடம இசை, கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒரு வெட்டு. ஒரு வித்தைகூட முழுசாக முடியவில்லை. வித்தை தெரிந்தவர்கள் ஆள் எடுப்பவரிடம் வண்டி வண்டியாக இருக்கிறார்கள். அவர் கவலை வேறு: இந்த ஆளைத் தனியாக 45 நிமிடம் மேடையில் விட்டால் தாக்குப்பிடிப்பாரா?

அதனால் வெட்டாமல் எடுத்த ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை முன்னால் வையுங்கள். ஜனங்கள் சிரிப்பது காதில் விழ வேண்டும். ஏதாவது சொதப்பி, அதை நீங்கள் சமாளித்த காட்சி இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு முதல் கப்பல் கிடைத்ததே அப்படித்தான். சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் அந்த மனிதர் தன் மனைவியின் பெயரை எழுதி வைத்தார். கேட்டதற்கு, "எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவது அவள்தான்" என்றார். மனைவி கீழே இருந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த நான்கு நிமிடம் ஷோவை நடத்தியது அவர்கள்தான். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துண்டைத்தான் அனுப்பினேன்.

அப்புறம், கையில் எத்தனை ஷோ இருக்கிறது? பல கப்பல்களில் இரவுச் சாப்பாடு முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நடக்கும். ஆகவே ஒரே ராத்திரியில் ஒரே ஷோவை இரண்டு முறை செய்ய வேண்டி வரும். இரண்டு நாள் கழித்து அதே கூட்டம் புதிதாக ஒன்று கேட்கும். கடிதத்தின் முதல் வரியிலேயே இப்படி எழுதுங்கள்: "45 நிமிட ஷோ இரண்டு, ஒன்றில் வந்தது மற்றதில் வராது, சாமான் மொத்தம் ஒரே பெட்டி." விருந்தினர் கலைஞர்கள் பாதி வழியில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு விமானத்தில் போய்ச் சேர்கிறவர்கள். பெட்டி பெரும்பாலும் 23 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஒருமுறை நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. கைப்பையில் இருந்த கயிறு, இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு மார்க்கர் பேனா. அன்றைய ஷோ அவ்வளவில்தான் ஓடியது. எந்தக் கடிதத்திலும் இந்தக் கதையை ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன்.

கேள்வி: புறா, நெருப்பு, ஆளை மிதக்க வைக்கும் வித்தை, இவைதான் என் அடையாளம். கப்பலில் விடுவார்களா?

பதில்: புறாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் விலங்குகளுக்கான விதி மாறும். உங்கள் புறாவுக்காக அலைய யாருக்கும் நேரமில்லை. நெருப்பு அதைவிட மோசம். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் உருவான, கடலில் உயிர்களைக் காப்பதற்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இப்போதைய 1974 வடிவத்தில் தீக்கென்றே விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பற்ற வைத்ததும் பளிச்சென்று எரிந்து மறையும் ஃபிளாஷ் பேப்பரோ கப்பல் வரைகூடப் போகாது, விமானத்திலேயே தடை.

மிதக்க வைப்பது எப்படி என்று இங்கே எழுத மாட்டேன், நமக்குள் இருக்கட்டும். ஆனால் தரை அசையாது என்று நம்பிச் செய்கிற எதுவும் கப்பலில் காலை வாரும். எனக்குக் காலை வாரியது, கோப்பைகளுக்கு அடியில் பந்தை மறைத்துக் காட்டும் வித்தை. அலை அதிகமான ஒரு ராத்திரி, கோப்பையைத் தூக்கியதும் பந்து மேஜையை விட்டு இறங்கி முன்வரிசைக்கு உருண்டது. ஒரு பாட்டி செருப்பால் அதை அமுக்கிப் பிடித்து, "இந்தக் கோப்பையில் இல்லை" என்றார். கைதட்டல் முழுக்க அவருக்குத்தான். மறுநாள் லிஃப்டில், போகிற இடமெல்லாம் "பந்து பத்திரமா?" என்று கேட்டார்கள். கப்பலில் ஷோ முடிந்தாலும் ஜனங்கள் வீட்டுக்குப் போவதில்லை, சார். காலைச் சிற்றுண்டியின்போது சிரித்த முகமாக இருப்பதும் வேலைதான். அடுத்த முறை உங்களைக் கூப்பிடலாமா என்று முடிவு செய்பவர்கள் அதையும் விசாரிப்பார்கள்.

கேள்வி: ஏஜென்ட் வழியாகப் போவதா, நேரடியாகவா? பெரிய மேடை எனக்கு வராது, மேஜையில் சீட்டு வித்தைதான்.

பதில்: இரண்டு வழியும் உண்டு, இரண்டையும் தட்டுங்கள். மேஜை மேஜிக்குக்கும் இடம் இருக்கிறது. 2024-இல் வந்த சன் பிரின்சஸ் கப்பலில் ஹாலிவுட்டில் இருக்கும் மேஜிக் கலைஞர்களின் கிளப்பான மேஜிக் காசிலோடு சேர்ந்து இதற்கென்றே தனி அரங்கம் வைத்திருக்கிறார்கள். ஆனால் காகிதங்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள்: பாஸ்போர்ட், கடல்வேலைக்கான மருத்துவச் சான்று, அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் பெரும்பாலும் கப்பலில் வேலை செய்பவர்களுக்கான சி1/டி விசா. என் இரண்டாவது ஒப்பந்தம் யாரோ ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்ததால் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை போன் வந்தது, வெள்ளிக்கிழமை கப்பலில் இருந்தேன்.