கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தை இல்லை. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு இருந்ததால் பரிசோதித்தார்கள். ஆரம்ப நிலை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் என்கிறார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். லேப்ராஸ்கோபியில் கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? ஆடி கழியட்டும் என்கிறார் மாமியார்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: எடுக்கச் சொன்ன மருத்துவர் தவறு சொல்லவில்லை, அம்மா, அதுதான் வழக்கமான சிகிச்சை. ஆனால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கலாம். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து, இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால், கர்ப்பப்பை வாயைச் சுற்றுத் திசுவோடு அகற்றிவிட்டு, மேலே உள்ள கர்ப்பப்பையை யோனியுடன் சேர்த்துத் தைப்பார்கள். கட்டியை மட்டும் கிள்ளியெடுத்தால் போதாது. பிரான்ஸ் மருத்துவர் டேனியல் டார்ஜான் 1987-இல் தொடங்கிவைத்த இந்த அறுவைக்கு ட்ராக்கெலெக்டமி என்று பெயர்.

இதற்கு நீங்கள் பொருத்தமானவரா என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பயாப்ஸியும்தான் சொல்லும். அறுவையின்போதே கணுக்களைச் சோதிப்பார்கள். அவற்றில் புற்று தெரிந்தால் திட்டம் மாறும். கதிர்வீச்சும் கீமோவும் தேவைப்படும். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கணவரும் நீங்களும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லேப்ராஸ்கோபிதான் வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிறிய துளை, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று மருத்துவ உலகமும் அதை விரும்பியது. 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு எங்களை உலுக்கிவிட்டது. கர்ப்பப்பையை முழுதாக அகற்றியவர்களில், நாலரை ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்தபோது 96.5 சதவீதம், துளை வழியே செய்தபோது 86 சதவீதம்தான். ட்ராக்கெலெக்டமியில் இரண்டையும் ஒப்பிட்டவர்கள் பெரிய வித்தியாசம் காணவில்லை. ஆனால் அவை பழைய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துச் சொன்னவை, அந்த அளவுக்கு உறுதியானவை அல்ல. உங்கள் அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தே செய்யலாம் என்றால், தழும்புக்காக மறுக்க வேண்டாம்.

ஆடி கழியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலூர் உங்களுக்குப் பக்கம்தான். சி.எம்.சி.யில் மகளிர் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கே மறுபடி பார்ப்பார்கள். அபூர்வமாகச் சில வகைப் புற்றுகளுக்கு இந்த அறுவை கூடாது.

அறுவைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்துத்தான் கருத்தரிக்கச் சொல்வார்கள். கர்ப்பப்பையின் அடியில் போடும் தையல் குழந்தையைத் தாங்கும், பிரசவம் சிசேரியன்தான். குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு கணிசமாக அதிகம் என்பதால், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.