வாசகர் கேள்வி – பதில்: தானாக விளையாடிப் பழகும் பிள்ளை

கேள்வி: மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாக் கடையில் எங்கள் மூன்று வயது மகனுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் அது ஆங்கில எழுத்துகளைச் சொல்லும், பாடும், விளக்கும் எரியும். இரண்டு நாள் ஆசையாக அழுத்தினான். மூன்றாம் நாள் அதை மூலையில் போட்டுவிட்டு, அடுப்படிக்கு வந்து போத்தல்களினதும் பேணிகளினதும் மூடிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அவன் தானாகவே விளையாடிக் கற்கக்கூடிய சாமான்களை எப்படித் தெரிந்தெடுப்பது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: மூடிகளைக் கழற்றும் மகனைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். நீங்கள் வாங்கிய சாமானில் எல்லா வேலையையும் சாமானே செய்துவிடுகிறது; பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு விரலால் அழுத்தும் வேலை மட்டும்தான். போத்தல் மூடி அப்படியல்ல. பெரிய மூடி சிறிய வாயில் இறுகாது, சிறியது பெரிய வாய்க்குள் விழுந்துவிடும். பிழை எங்கே என்பதை யாரும் சொல்லாமலே அவனுடைய கை கண்டுகொள்கிறது.

1907ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரின் கற்பித்தற் சாதனங்களில் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றுக்குரிய பத்து உருளைகளும் கொண்ட ஒரு மரக்கட்டை. ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்துவிட்டால், கடைசியில் ஏதோ ஒன்று இடமில்லாமல் கையில் நின்றுவிடும். பிள்ளையைத் திருத்துவது கட்டையே, ஆசிரியர் அல்லர். இதையே உங்களுக்கும் அளவுகோலாகச் சொல்வேன்: கடையில் ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போது, இதை வைத்துப் பிள்ளையின் கை என்ன செய்யும், பிழைத்தால் அது பிள்ளைக்கே தெரியுமா என்று பாருங்கள். குமிழ் வைத்த நான்கைந்து துண்டுப் பொருத்துபலகை, எழுத்தோ படமோ இல்லாத வெறும் மரக்கட்டைகள், தடித்த நூலில் கோர்க்கும் பெரிய மணிகள் ஆகியவை மூன்று வயதுக்குப் போதும்.

பணம் கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பதுமில்லை. என் பேத்திக்கு இரண்டரை வயதானபோது, வெவ்வேறு அளவுள்ள ஐந்து சிரட்டைகளின் விளிம்பை வழுவழுப்பாகத் தேய்த்துக் கொடுத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தவளுக்குக் கடைசிச் சிரட்டை உள்ளே போகவில்லை. அழுத்தினாள், தட்டினாள், பிறகு என்னைப் பார்த்தாள். உதவப் போன என் கையை மடியிலேயே அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். சற்று நேரம் கழித்து எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மிகப் பெரியதை முதலில் எடுத்து வைத்தாள். அந்தக் கணத்தை நான் பறித்திருப்பேனே என்று இன்றும் நினைப்பதுண்டு.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மஞ்சாடி, புளியங்கொட்டை, சோகி எல்லாம் நம் வீட்டு விளையாட்டுப் பொருள்கள்தான். ஆனால் எதையும் வாயில் வைக்கும் வயதில் அவை தொண்டையில் அடைத்துவிடும். அந்தப் பாடும் சாமானின் பற்றரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நாணயம் போன்ற தட்டைப் பற்றரியை ஒரு பிள்ளை விழுங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, வாந்தியெடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான்கள் அனுப்புகிறார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "மூத்தம்மா, நீங்களும் வாங்க" என்று என்னையே இழுக்கிறாள். தனியாக விளையாடப் பழக்க முடியாதா?
– ஒரு மூத்தம்மா, அக்கரைப்பற்று

பதில்: முடியும். சாமான்கள் குவிந்து கிடப்பதால்தான் எதைத் தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கைந்தை மட்டும் அவளுக்கு எட்டும் உயரத்தில் தனித்தனித் தட்டுகளில் வைத்துவிட்டு, மற்றவற்றை மேலே எடுத்து வையுங்கள். ஒரு சிறிய பன்பாயை விரித்து, அதுதான் அவளுடைய இடம் என்று சொல்லுங்கள். முதற் சில நாட்கள் பக்கத்திலேயே இருந்து நீங்கள் அரிசி புடைக்கலாம், கீரை ஆயலாம். அவளுடைய விளையாட்டுக்குள் மட்டும் கை வைக்கவேண்டாம். சாமான்களில் அவளுக்குச் சலிப்புத் தட்டுவதைக் கண்டால் இரண்டை மாற்றுங்கள். மேலே இருக்கும் ஒன்றை அவளே பெயர் சொல்லிக் கேட்டால், அதை இறக்கிக் கொடுத்துவிட்டு, தட்டிலுள்ள ஒன்றை அவள் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.