இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரங்கூனில் விலைவாசியைக் குறைக்க அரசு எடுத்த முயற்சிகள் பலித்தனவா?

அரிசியில் பலித்தது, துணியில் பலிக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து ரங்கூனில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

1945 மே மாதம் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும், பர்மாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரர்கள் விட்ட நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. இந்திய ரூபாய் நோட்டின் மேல் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். ஜப்பான்காரர்கள் கணக்கில்லாமல் அடித்த பணம் ஒழியாமல் விலை நிற்காது, சரிதான். ஆனால் மூட்டை தூக்கியும் இட்லிக்கடை வைத்தும் சேர்த்தவர்கள் கையில் மிஞ்சியது வெறும் காகிதம். சிறு தொகைக்காவது மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து கன்ட்ரோல் விலை, அதாவது இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு கட்டிய விலை. துணியோ கப்பலில் வந்தாக வேண்டும். போர்க்காலத்தில் துணி கிடைக்காமல் ஜனங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் அதே கதி: 1942-இல் பின்வாங்கும்போது ரங்கூனுக்குப் பக்கத்திலிருந்த சிரியம் எண்ணெய் ஆலையைப் பிரிட்டிஷாரே தகர்த்திருந்தார்கள். கன்ட்ரோல் கடைக்கு வந்த கைலி கள்ளச்சந்தைக்குப் போய்விடும். சரக்கே இல்லாத ஊரில் விலைப்பட்டியல் ஒட்டி என்ன பயன்? சம்பளம் கட்டுப்படியாகாமல் 1946 செப்டம்பரில் ரங்கூன் போலீஸே வேலைநிறுத்தத்தில் இறங்கியது; மற்ற அரசு ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பர்மிய விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் கவர்னரின் நிர்வாக சபைக்குள் வந்துவிட்டார்.

அரிசியில் அரசின் கை ஓங்கியிருந்ததற்குக் காரணம், சரக்கு உள்நாட்டிலேயே விளைந்தது. நெல்லை அரசே நிர்ணய விலைக்கு வாங்கியது. 1948-இல் சுதந்திரம் வந்த பிறகும் அரசு வேளாண் விற்பனை வாரியம் அதைத் தொடர்ந்தது. ஐம்பதுகளில் 100 கூடை நெல்லுக்கு சுமார் 300 கியாட்தான் (கியாட் என்பது பர்மா நாணயம்). கொரியப் போர் சமயத்தில் வெளிநாட்டில் அரிசி விலை எகிறியபோதும் ரங்கூனில் சோறு மலிவாகவே இருந்தது. துறைமுகக் கூலிகளான நம் ஜனங்கள் பலர் பட்டினி இல்லாமல் பிழைத்தது அதனால்தான். ஏற்றுமதியில் கிடைத்த லாபம் கஜானாவுக்குப் போனது. விளைவித்தவனுக்கு அதில் பங்கில்லை. பெகு, தாட்டோன் பக்கம் வயலில் இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே விலைதான்.