ஜூனேஜோ பொம்மைதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாகிஸ்தான் பற்றிய கட்டுரையில் முகமது கான் ஜூனேஜோவை ‘மறக்கப்பட்ட பிரதமர்’ என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். இராணுவ ஆட்சியாளரும் ஜனாதிபதியுமான ஜியா-உல்-ஹக் பிடித்து உட்காரவைத்த ஆள்தானே அவர்? மறந்தால்தான் என்ன?

க.செ.

அன்புள்ள க.செ.,

உட்காரவைத்தது ஜியாதான். 1985ல் கட்சிகளே இல்லாமல் ஒரு தேர்தலை நடத்திவிட்டு, செல்வாக்குள்ள மதத் தலைவர் பீர் பகாரோவின் சீடரான இந்த சிந்து நிலக்கிழாரைப் பிரதமராக்கினார். ஜூனேஜோ அதிர்ந்து பேசாதவர். தலையாட்டிக்கொண்டு இருப்பார் என்று ஜியா கணக்குப் போட்டதில் ஆச்சரியமில்லை.

மனிதர் வந்ததும் வராததுமாக இராணுவச் சட்டத்தை எப்போது விலக்குவீர்கள் என்று கேட்டாராம். அந்த டிசம்பர் 30ல் அது விலகியது. சும்மா அல்ல. முன்பணமாக அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தை நிறைவேற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. இராணுவ ஆட்சி செய்த அத்தனைக்கும் அதில் சட்டப் பாதுகாப்பு. கூடவே 58(2)(பி) பிரிவு, அதாவது தேசிய சபையைக் கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம். ஜூனேஜோ மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

ஆனால் 1986 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் பெனசிர் பூட்டோ லாகூரில் வந்திறங்கி ஊர்வலம் போனபோது அவர் தடுக்கவில்லை. ஜெனரல்களும் இனி சின்ன சுசுகி காரில்தான் போகவேண்டும் என்றார். சில்லறை விஷயமாகத் தோன்றும். அந்த நாட்டில் ஜெனரலின் காரில் கைவைப்பது சில்லறை விஷயமில்லை. ஆப்கன் போரிலிருந்து சோவியத் படைகள் விலக வழிசெய்த ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜியாவுக்கு மனமில்லை. ஜூனேஜோ பெனசிர் உட்பட எதிர்க்கட்சித் தலைவர்களையும் அழைத்துப் பேசிவிட்டு, 1988 ஏப்ரல் 14ல் கையெழுத்துப் போடவைத்தார்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் ராவல்பிண்டி ஓஜ்ரி ஆயுதக் கிடங்கு வெடித்து ஊரெங்கும் ராக்கெட்டுகள் விழுந்தன. யார் பொறுப்பு என்று விசாரிக்கச் சொன்னார். விசாரணை போய் நிற்கக்கூடிய இடம் இராணுவம்.

மே 29 அன்று வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பி, விமான நிலையத்தில் நிருபர்களிடம் பேசிவிட்டுப் போனார். அன்று மாலையே 58(2)(பி)யைக் கொண்டு ஜியா சபையைக் கலைத்தார். ஆகஸ்டில் ஜியா விமான விபத்தில் இறந்தார். அதன்பின் நீதிமன்றம், கலைத்தது செல்லாது, ஆனால் தேர்தல் வருவதால் பழைய சபை திரும்பாது என்று சொல்லிவிட்டது.

ஜூனேஜோ நீக்கப்பட்டபோது ஜியா பக்கம் நின்று பஞ்சாபின் காபந்து முதல்வராகத் தொடர்ந்தவர் நவாஸ் ஷெரீப். 1993 ஏப்ரலில் அதே பிரிவு நவாஸின் பிரதமர் பதவியையும் பறித்தது. இம்முறை உச்சநீதிமன்றம் மே மாதமே சபையை மீட்டுக் கொடுத்தது. ஜூனேஜோ அந்த மார்ச்சில்தான் இறந்திருந்தார்.