காலமா கையெழுத்து வாங்கியது?

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கிருக்கும் ஒரு பாட்டிக்கு 1968இல், 17 வயதில், கல்யாணமாகாமல் குழந்தை பிறந்தது. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வீட்டார் அவரை வேறு ஊர் விடுதியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பிரசவத்தின்போது முகத்துக்கு நேரே தலையணையைப் பிடித்துக்கொண்டார்களாம். பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அதன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. இதை நாவலாக எழுத ஆசை. ஆனால் ஒரு தயக்கம். காலம் அப்படி, தாதிகளும் நல்லதென்று நம்பித்தானே செய்திருப்பார்கள்? இன்றைய அளவுகோலால் அவர்களை எடைபோடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நாவல் எழுதலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. எழுதுகிறவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு எழுதுவது ‘காலம் அப்படி’ என்று போட்டிருக்கிறீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாகவே அதன்மேல் எனக்குக் கோபம். எங்கள் வீட்டில் எல்லாப் பாவத்துக்கும் அதுதான் மூடி. அத்தையின் படிப்பை நிறுத்தியது யார்? காலம். சித்தியின் நகையை விற்றுத் தின்றது யார்? காலம். தாத்தாவின் பெயர் மட்டும் வரவே வராது.

ஆஸ்திரேலியாவில் 1960களின் நடுவில் மாநிலத்துக்கு மாநிலம் புதிய தத்துச் சட்டங்கள் வந்தன. தாய் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று பொதுவாக அவற்றில் இருந்தது. உங்கள் பாட்டி பிள்ளை பெற்றபோது அது நடப்பில் இருந்த சட்டம். அவரிடம் யாராவது அதைச் சொன்னார்களா? கட்டாயத் தத்துகளை விசாரித்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றச் செனட் குழுவின் 2012 அறிக்கையைப் படியுங்கள். மருந்து மயக்கத்தில் வாங்கிய கையெழுத்துகள், திரும்பப் பெறும் உரிமையைச் சொல்லாமலே விட்டது, எல்லாம் அந்தப் பெண்களின் வாயாலேயே இருக்கிறது. சில மருத்துவமனைகளில் பிரசவத்துக்கு முன்பே கோப்பில் ‘தத்துக்குரிய குழந்தை’ என்று குறித்து வைத்துவிட்டார்கள். இதற்கு இன்றைய அளவுகோல் எதற்கு ஐயா? அன்றைய சட்டப் புத்தகம் போதாதா? நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பியவர் அந்த 30 நாளை ஏன் மறைக்க வேண்டும்? சொன்னால் இவள் பிள்ளையைக் கேட்பாள் என்று தெரியும். அதனால்தான் மறைத்தார்கள்.

மானம், ஊர் வாய் என்பதெல்லாம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1971–72இல் தத்துகள் பத்தாயிரத்தை நெருங்கின. 1973இல் பிரதமர் விட்லமின் அரசு கல்யாணமாகாத தாய்க்கும் உதவித்தொகை கொடுத்தது. அதன்பின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. கருத்தடை மாத்திரையும் காரணம்தான். ஆனாலும் வாடகை கொடுக்கக் கையில் காசு வந்ததும் பெண்கள் பிள்ளையை விடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தச் செனட் குழு இன்னொன்றும் சொன்னது. மன்னிப்புக் கேட்கிறவர்கள் அந்தக் காலத்து மதிப்பீடுகள், அந்தக் காலத்து நடைமுறை என்று சாக்குச் சேர்க்கக் கூடாது. அன்றைய பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச் 21 அன்று நாட்டின் சார்பில் அந்தத் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பின்புதான். ஓர் அரசாங்கக் குழு மறுத்த சாக்கை நாவலாசிரியராகப் போகிற நீங்கள் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

தாதிகளின் மனசு பற்றிய உங்கள் கவலை இருக்கட்டும். அதை நாவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி தன் பிள்ளையைத் தேடினாரா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். உங்கள் விக்டோரியா மாநிலத்தில், தத்துப்போய்ப் பெரியவர்களான பிள்ளைகளுக்குப் பெற்றவர் யாரென்று அறிய 1984லேயே சட்டம் வழி செய்தது. பிள்ளையின் சம்மதமில்லாமலே அதன் பெயரை அறியும் உரிமை தாய்க்கு 2013இல்தான் வந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காமலும் இருக்கலாம். பேச்சு அந்தப் பக்கம் போனால் மட்டும் சொல்லுங்கள். மனு எழுத வேண்டுமென்றால் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நாவல் அப்புறம்.