பிள்ளைகளின் சிறுநீரகம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மகனுக்கு 5 வயது, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 0.9. லேப் சீட்டில் நார்மல் என்றிருக்கிறது. சரிதானே? – களியக்காவிளை

சரியில்லை. உயரத்தையும் எழுதவில்லை, எத்தனை முறைதான் கேட்பது? சீட்டில் அச்சடித்திருப்பது பெரியவர்களின் அளவு. இந்த வயதில் 0.5-ஐத் தாண்டினாலே பார்க்க வேண்டும். 105 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் (ஜி.எஃப்.ஆர்.) 50-க்குக் கீழே வருகிறது. இந்த வாரமே குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.

கால்வலிக்கு ஐபுரூஃபன் கொடுக்கலாமா? – பாறசாலை

சிறுநீரகம் பாதித்த பிள்ளைக்குக் கூடாது. பாராசிட்டமால், எடைக்குத் தக்க அளவில். இதை எல்லா மாதமும் எழுதுகிறேன்.

டயாலிசிஸில் இருக்கும் மகள், ஓணத்துக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கேட்டு அழுகிறாள். – மார்த்தாண்டம்

பொட்டாசியமும் உப்பும் சேர்ந்த பண்டம், முடியாது. இளநீரும் வேண்டாம். சதுரப்புளி (நட்சத்திரப் பழம்), இலும்பன்புளி (பிலிம்பி) ஒரு துண்டுகூடக் கூடாது. ஆனால் அவள் அழுவது சிப்ஸுக்காக மட்டும் இல்லை, எல்லார் இலையிலும் இருப்பது தன் இலையில் இல்லையே என்றுதான். அச்சப்பம் (அச்சு முறுக்கு) சுட்டு எல்லாருக்கும் அதையே வையுங்கள்.

மகனுக்கு 10 வயது. பிறவியில் மூத்திரப் பாதை அடைப்பு, ஆபரேஷன் முடிந்தது, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. வகுப்பில் நனைத்துவிடுகிறான். தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார் டீச்சர். – செங்கோட்டை

குறைக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை. இந்தப் பிள்ளைகளின் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாது, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும், தண்ணீரை நிறுத்தினால் உடம்பு வற்றி கிரியாட்டினின் ஏறும். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. கை தூக்கினால் 'இப்பத்தானே போனே' என்பார்கள், பின்பெஞ்சு சிரிக்கும், கக்கூஸில் தாழ்ப்பாள் கிடையாது, இதுதான் அவனுக்குத் தெரியும். அதனால் காலையிலிருந்தே குடிப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று மாதம் பாட்டிலை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். அம்மா காலி பாட்டிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, தலைமை ஆசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். கதவோரமாக இடம், கேட்காமல் எழுந்து போக அனுமதி, பையில் ஒரு மாற்று நிக்கர். முட்டும்வரை காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வரட்டும். சிறுநீரே வராமல் டயாலிசிஸில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு வேறு.

12 வயது மகள், 128 செ.மீ., 24 கிலோ. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பற்றி அவளிடம் சொல்லலாமா? – கொழிஞ்சாம்பாறை

உயரமும் எடையும் எழுதியதற்கு நன்றி. சொல்லுங்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளை பாதியைச் சொல்லியிருக்கும், மீதியை அவளே நினைத்து நினைத்துப் பயந்திருப்பாள். சிறுநீரகம் தருவது நீங்கள் என்றால் அதையும், அப்புறம் மாத்திரையை மணி தவறாமல் விழுங்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.